கைமடக்கு: நெய்யாற்றின்கரை – பாறசாலை எல்லைப்புற வழக்கில் ஒரு சொல்லின் பொருள்வரலாறு

பேசிய கூலியைக் கொடுத்த பின்னர், அதற்கு மேலாக, கேட்கும் உரிமையோ கொடுக்கும் கடமையோ இல்லாத நிலையில் ஒருவர் கையில் வைக்கப்படும் சிறுதொகையைக் குறிக்கத் தமிழில் நிலைபெற்ற சொல் எது என்னும் வினாவுக்கு விடை கூறுதல் எளிதன்று. இனாம், பக்ஷீஷ், மாமூல், சந்தோஷம், அன்பளிப்பு, டிப்ஸ் எனப் பல சொற்கள் உள. அவற்றுள் முதல் மூன்றும் அரபு, பாரசீக மூலத்தன. இனாம் என்பது நிலமானியத்தின் பெயராகி, வருவாய்த்துறை ஆவணங்களில் தனி வாழ்வு பெற்றுவிட்டது. வழக்கமாகச் செய்யப்படுவது என்னும் பொருளுடைய மாமூல், வழக்கமாகிவிட்ட கையூட்டையே இன்று குறிக்கிறது. டிப்ஸ் ஆங்கிலத்தில் பன்மை, தமிழில் ஒருமை. சமையல் குறிப்புக்கும் அதுவே பெயர் ஆகையால், அதனைக் கலைச்சொல்லாகக் கொள்ள இயலாது.

குமரி மாவட்டத்தின் விளவங்கோட்டுப் பகுதியிலும், அதனை ஒட்டிக் கேரளத்தில் அமைந்த நெய்யாற்றின்கரை வட்டத்தின் பாறசாலை, காரோடு, குளத்தூர் முதலிய ஊர்களிலும் தமிழ் பேசும் முதியோர் இப்பொருளில் வழங்கும் சொல் கைமடக்கு என்பதாகும். இச்சொல் தமிழகத்தின் பிற பகுதிகளுக்கும் புதியதன்று; ஆனால் அங்கெல்லாம் அது லஞ்சத்தின் இடக்கரடக்கலாகவே பெரிதும் வழங்குகிறது. எல்லைப்புறத்தில் அதன் பொருள் அவ்வாறு முழுமையாகச் சாய்ந்துவிடவில்லை. இவ்வேறுபாடு அகராதிக்கு மட்டும் உரிய நுட்பமன்று என்பதை இக்கட்டுரையாளர் ஒரு மொழிபெயர்ப்பின் வழியே அறிய நேர்ந்தது.

நிலத்தகராறு ஒன்றில் எல்லைப்புற ஊரைச் சேர்ந்த முதிய பெண்மணி ஒருவர் தமிழில் அளித்த வாக்குமூலத்தையும், அதன் மலையாளப் பதிவையும் ஒப்பிட்டுப் பார்க்குமாறு சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் கேட்கப்பட்டது. அவர் கூறியது இது: “அளந்து முடிஞ்ச பெறவு, சங்கிலி பிடிச்ச பிள்ளைக்கு ஒரு கைமடக்கு குடுத்தேன்.” சங்கிலி பிடித்தவன் நில அளவைத் துறையைச் சேர்ந்தவன் அல்லன், அன்றைய தேவைக்கு அமர்த்தப்பட்ட கூலியாள். மலையாளப் பதிவில் கைமடக்கு என்பது ‘கைக்கூலி’ என ஆகியிருந்தது. மலையாளத்தில் கைக்கூலி என்பது லஞ்சத்திற்கு உரிய நேர்ச்சொல். செய்தித்தாளிலும் வழக்குமன்றத்திலும் வழங்குவது. எதிர்த்தரப்பினர் அதனைப் பற்றிக்கொண்டு, அளவே பணம் கொடுத்துப் பெறப்பட்டது என வாதிட்டனர். உண்மையைக் கூறுவதாயின், முதல் வாசிப்பில் எனக்கும் அம்மொழிபெயர்ப்பு பிழையாகத் தோன்றவில்லை. நான் பிறந்து வளர்ந்த தஞ்சைப் பகுதி வழக்கில் கைமடக்கு என்றால் லஞ்சமே.

அச்சொல்லின் வரலாற்றை ஆராயத் தூண்டியது இந்நிகழ்ச்சியே.

கையும் அதன் வினைகளும்

கைமடக்கு, கையூட்டு, கைக்கூலி, கைநீட்டம், கைவிசேடம் ஆகிய ஐந்தும் ‘கை’ என்பதை முதலுறுப்பாகக் கொண்டு, கைமாறும் பணத்தைக் குறிக்கும் கூட்டுச்சொற்கள். வடிவில் உடன்பிறப்புகள் போலத் தோன்றினும், இவற்றின் உள்ளமைப்பு வேறுபட்டது. கையூட்டு என்பதில் பெறுபவரின் கை ஊட்டப்படுகிறது. நான்காம் வேற்றுமை மறைந்து நிற்கிறது. கைக்கூலி, கைக்கு நேராக வந்து சேரும் கூலி. கைநீட்டம் என்பதிலோ நீளும் கை கொடுப்பவருடையது.

கைநீட்டத்தை இங்குச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். சித்திரை விஷு நாளில் வீட்டுப் பெரியவர்கள் இளையோருக்குக் காசு கொடுக்கும் வழக்கம் எல்லையின் இருபுறமும் உண்டு. குமரி மாவட்டக் கோயில்களிலும் அன்று கைநீட்டம் வழங்கப்படுகிறது. இலங்கைத் தமிழர் புத்தாண்டில் கொடுக்கும் கைவிசேடமும் இதனை ஒத்ததே. அதற்கு உரிய நல்ல நேரங்களைப் பஞ்சாங்கங்கள் தனியே குறிக்கின்றன. மலையாளத்தில் கைநீட்டம் என்பதற்கு அன்றைய முதல் விற்பனை என்னும் பொருளும் உண்டு. தமிழில் போணி என்கிறோம். ஆனால் பொதுத்தமிழில் ‘கைநீட்டு’ என்னும் வினை வேறு திசையில் செல்கிறது. ‘கைநீட்டிக் காசு வாங்கிவிட்டான்’ என்னும்போது நீளும் கை பெறுபவருடையது. சிறிது இழிவுக்குறிப்பும் ஏறிவிடுகிறது. ‘அவன் கைநீட்டிவிட்டான்’ என்றாலோ அடித்துவிட்டான் என்பது பொருள். ஒரே வினையின் கை யாருடையது என்பதில் ஏற்பட்ட மாற்றம், கொடையை இரப்பாகவும் அடியாகவும் ஆக்கிவிட்டது.

இனி, கைமடக்கில் மடங்குவது யார் கை? ‘மடக்கு’ பிறவினை, ஆகவே ‘கையை மடக்குதல்’ என இரண்டாம் வேற்றுமைத்தொகையாகக் கொண்டால், காசு வைக்கப்பட்டதும் பெறுபவர் தம் விரல்களை மடக்கிக்கொள்வது குறிக்கப்படும். ‘கையில் மடக்கியது’ என ஏழாம் வேற்றுமைத்தொகையாகக் கொண்டால், கொடுப்பவர் தம் உள்ளங்கையில் மடக்கி வைத்திருந்து பிறர் அறியாமல் மாற்றும் பணம் ஆகும். கேரளத்து மாப்பிள்ளை முஸ்லிம்களிடையே, வீட்டில் ஓத வந்த முசலியாருக்குக் கைகொடுக்கும்போது உள்ளங்கைக்குள் வைத்துக் கொடுக்கும் பணமும் கைமடக்கு எனப்படுவது இரண்டாவது விளக்கத்திற்கு அரண் செய்கிறது. அங்கே மறைத்தல் குற்றத்தின் அடையாளமன்று. பெறுபவரின் மதிப்பைக் காக்கும் நாகரிகம். லஞ்சத்திலும் அதே மறைத்தல் உண்டு, காரணம் வேறு. இச்சொல் இருபொருளுக்கும் இடம் கொடுப்பதன் வேர் இங்கேதான் உள்ளது என்று கருதுகிறேன்.

திருவிதாங்கூரின் நாணயத்தோடு இதனைத் தொடர்புபடுத்திப் பார்க்கும் ஆசை எவருக்கும் எழும். அங்கு வழங்கிய பழைய வெள்ளிச் சக்கரம் மிகச் சிறியது. அதனை எண்ணுவதற்குக் குழிகள் இட்ட சக்கரப்பலகை தேவைப்பட்டது. 16 காசு ஒரு சக்கரம். 4 சக்கரம் ஒரு பணம். 7 பணம் ஒரு ரூபாய். மடங்கிய விரல்களுக்குள் இருப்பது தெரியாமல் மறையக்கூடிய நாணயம் அது. எனினும் கைமடக்கு என்னும் சொல் அந்நாணயம் வழங்காத நிலப்பகுதிகளிலும் உள்ளது ஆகையால், இதனை அழகிய கற்பனை என விட்டுவிடுதலே தக்கது.

ஊழியம், கூலி, அவகாசம்

சொல்லின் பொருள் அது வழங்கிய சமுதாயத்தின் கொடுக்கல் வாங்கல் முறையோடு பிணைந்தது. தென்திருவிதாங்கூரில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியிலும் உழைப்புக்கு ஈடு மூன்று வகைப்பட்டது: ஈடே இல்லாத ஊழியம், நெல்லாகக் கிடைத்த கூலி அல்லது பங்கு, அரிதாகக் கையில் கிடைத்த காசு.

ஊழியம் என்பது திருவிதாங்கூர் ஆவணங்களில், அரசுக்கும் கோயிலுக்கும் ஒடுக்கப்பட்ட சாதியினர் கட்டாயமாகச் செய்ய வேண்டியிருந்த கூலியற்ற வேலையின் பெயர். இன்றைய தமிழில் ஊழியர் என்பது மதிப்பான சொல். கிறித்தவத் தமிழிலோ இறைப்பணியே ஊழியம். 1806 முதல் தென்திருவிதாங்கூரில் பணியாற்றிய இலண்டன் மிஷன் சபையார் ஒருபுறம் தம் உபதேசியார்களை ஊழியக்காரர் என அழைத்தனர்; மறுபுறம் ஊழியத்திலிருந்து தம் மக்களுக்கு விடுதலை வேண்டினர். 1815இல் கிறித்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஊழியத்திலிருந்தும் கோயில் தொடர்பான வேலைகளிலிருந்தும் விலக்கு அளிக்கப்பட்டது. 1855இல் அரசின் அறிவிப்பு அடிமை முறையை ஒழித்தது. ஒரே சொல்லை ஒரே ஊரில் இருவேறு பொருளில் வழங்கியவர்கள் குழம்பவில்லை போலும். குழப்பம் பின்னால் வந்த மொழிபெயர்ப்பாளர்களுக்கே.

இச்சூழலில் ‘கைக்கூலி’ என்பதன் நேர்ப்பொருள் எத்தகைய எடை உடையதாக இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். ஊழியத்திற்கு எதிர்நிலையில், செய்த வேலைக்கு அன்றே கையில் பெறும் கூலி அது. அப்பொருள் மலையாளத்தில் இன்று மறைந்து, இழிந்த பொருள் மட்டும் எஞ்சியுள்ளது. தமிழில் அது வேறு வகையில் இழிந்தது: ‘அந்நியரின் கைக்கூலி’ என்பதுபோல், பணம் பெற்றுப் பிறர்க்காக இயங்கும் ஆளையே குறிக்கலாயிற்று, பணத்தின் பெயர் பணம் பெற்றவனுக்கு ஆகிவந்தது. இலங்கை முஸ்லிம்களிடையே அச்சொல் மூன்றாவது வழியில் சென்றுள்ளது. மணமகளின் பயன்பாட்டுக்காகப் பெண்வீட்டார் மணமகனிடம் கொடுக்கும் பணம் அல்லது அசையும் பொருள் அங்கே கைக்கூலி. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் திருமண, மணநீக்கச் சட்டத்தின் ஆங்கில மூலத்திலும் இத்தமிழ்ச் சொல் அப்படியே இடம்பெற்று வரையறுக்கப்பட்டுள்ளது. திருவனந்தபுரத்தில் குற்றம், சென்னையில் வசைச்சொல், கொழும்பில் திருமணப் பதிவேட்டில் எழுதப்படும் தொகை. மூன்று ஊர் நீதிமன்றங்களுக்கும் ஒரே அகராதியோடு செல்லும் மொழிபெயர்ப்பாளரின் நிலை இரங்கத்தக்கது.

நெல்லாகக் கிடைத்த பங்கின் கதையும் இதனோடு இணைந்தது. களத்தில் நெல் அளக்கும்போது வண்ணார், நாவிதர், கொல்லர், தச்சர் முதலியோர்க்கு ஒதுக்கிய பங்கைத் தமிழகத்தில் மேரை, சுதந்திரம் என வழங்கினர். மலையாள நாட்டில் இதற்கு ஈடான சொல் அவகாசம். மலபாரில் இத்தகைய சேவைக்குடிகளின் பரம்பரை உரிமை செறுஜன்மாவகாசம் எனப்பட்டது. இவை இனாமும் அல்ல, கைமடக்கும் அல்ல. கொடாமற்போனால் கேட்கலாம், சண்டையிடலாம். இச்சொற்களின் பிற்கால வாழ்வு வியப்புக்குரியது: களத்துமேட்டுப் பங்காக இருந்த சுதந்திரம் நாட்டின் விடுதலையைக் குறிக்கும் சொல்லாயிற்று; அவகாசம் மலையாளத்தில் மனித உரிமை என்பதன் கூறாக நிற்கிறது. பொதுத்தமிழில் அவகாசம் என்றால் கால இடைவெளி என்பதை மலையாளம் அறியாத தமிழர்க்கு நினைவூட்ட வேண்டியதில்லை. ‘எனக்கு அவகாசம் உண்டு’ என எல்லைப்புறத்தார் ஒருவர் கூறினால், அவர் ஓய்வாக இருக்கிறார் என எழுதிவிடக் கூடாது.

பணத்தின் பயணத் திசையும் இங்குக் கருதத்தக்கது. ஓணத்தின்போது குத்தகைக்காரர் நிலவுடைமையாளர்க்கு வாழைக்குலை முதலியவற்றைக் கொண்டு சென்று வைப்பது காழ்ச்ச. நிலவுடைமையாளர் திரும்பக் கொடுக்கும் துணி புடவ அல்லது கோடி. மேல்நோக்கிச் செல்வதற்கும் கீழ்நோக்கி வருவதற்கும் வெவ்வேறு பெயர். தமிழிலும் மேலோரைக் காணச் செல்வோர் கொண்டு செல்லும் பொருளுக்குக் கையுறை என்னும் பழஞ்சொல் உண்டு. இன்று நாம் டிப்ஸ் என்பது கீழ்நோக்கிச் செல்வது. லஞ்சம் பெரும்பாலும் மேல்நோக்கிச் செல்வது. கைமடக்கு என்னும் சொல்லோ திசையைச் சொல்வதில்லை. உணவு பரிமாறியவர்க்குக் கொடுத்ததும் கைமடக்கு. கோப்பை நகர்த்தியவர்க்குக் கொடுத்ததும் கைமடக்கு. முதிய பெண்மணியின் வாக்குமூலத்தில் ‘பிள்ளைக்கு’ என்னும் சொல் திசையைத் தெளிவாகக் காட்டியிருந்தது. மலையாளப் பதிவில் அது ‘சங்கிலிக்காரனுக்கு’ என ஆகி, அக்குறிப்பும் அழிந்துபோயிருந்தது.

இரு வேதாகமங்கள்

இப்பகுதியில் எழுத்துமொழியின் செல்வாக்கைக் கணிக்கும்போது வேதாகமத்தை விட்டுவிட இயலாது. பாறசாலை, இலண்டன் மிஷன் சபையின் நிலையங்களுள் ஒன்று. ஜான் ஆப்ஸ், சாமுவேல் மெற்றீர் ஆகியோர் அங்குப் பணியாற்றியவர்கள். தெற்கே நாகர்கோவில், நெய்யூர் நிலையங்கள் தமிழிலும், வடக்கே திருவனந்தபுரம், கொல்லம் நிலையங்கள் மலையாளத்திலும் இயங்க, பாறசாலை இரண்டுக்கும் இடைப்பட்டு நின்றது. யாத்திராகமம் 23ஆம் அதிகாரத்தில் நீதி வழங்குவோர் வாங்கலாகாது என விலக்கப்படும் பொருளுக்கு, 1871இல் முற்றுப்பெற்ற தமிழ்த் திருப்புதல் ‘பரிதானம்’ என்னும் சொல்லை ஆள்கிறது. 1910இல் வெளிவந்த மலையாள சத்தியவேதபுஸ்தகம் அதே இடத்தில் ‘சம்மானம்’ என்கிறது.

பரிதானம் பேச்சுவழக்கில் இல்லாத சொல். ஆகவே அதனால் எவ்வித மயக்கமும் நேர்வதில்லை. சம்மானம் அவ்வாறன்று. அது மலையாளத்தில் பரிசைக் குறிக்கும் அன்றாடச் சொல். தமிழில் அதன் உடன்பிறப்பாகிய சன்மானம், சொற்பொழிவாளர்க்கும் எழுத்தாளர்க்கும் கொடுக்கும் மதிப்பூதியம். (இவ்விதழில் எழுதுவோரும் அதனைப் பெற்றதுண்டு.) தந்தை தமிழ் வேதாகமத்தையும் மகன் மலையாள வேதாகமத்தையும் படித்த குடும்பங்கள் இங்குப் பல. ஒரே கட்டளை தந்தைக்கு லஞ்சத்தையும், மகனுக்குச் சொல்லளவில் எல்லாக் கொடையையும் விலக்கியது. மலையாள மொழிபெயர்ப்பாளர்களைக் குறை கூறுவதற்கில்லை. கொடைக்கும் லஞ்சத்திற்கும் இடையேயுள்ள கோடு சொல்லில் இல்லை, சூழலில் உள்ளது என்பதை அவர்கள் ஏற்றுக்கொண்டனர் எனலாம்.

1956க்குப் பின்

மொழிவழி மாநிலப் பிரிவினை இச்சொற்களுக்கு இரண்டு அரசு அலுவலகங்களைக் கொடுத்தது. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், நேசமணி தலைமையில் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்களோடு நெய்யாற்றின்கரையையும் கோரியது. 1954 ஆகஸ்ட் 11இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நிகழ்ந்த துப்பாக்கிச்சூடு அப்போராட்டத்தின் துயரமான நாள். 1955இல் மாநிலச் சீரமைப்பு ஆணையம் அளித்த அறிக்கை தெற்கு வட்டங்கள் நான்கையும் செங்கோட்டையையும் தமிழர் பக்கம் பரிந்துரைத்தது, நெய்யாற்றின்கரை விலக்கப்பட்டது. 1956 நவம்பர் 1 முதல் களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் இடையே மாநில எல்லை அமைந்தது. 1959இல் தென்னிந்தியத் திருச்சபையின் பேராயமும் கன்னியாகுமரி, தென்கேரளம் என இரண்டாயிற்று. பள்ளி, அலுவலகம், ஆலயம் மூன்றும் மொழியை மாற்றிக்கொள்ள, சந்தை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசுக்கு எழுதுவதற்கு வழி செய்துள்ளது. ஆனால் அவ்வாறு எழுதியதை மலையாளத்தில் படித்து உணர்பவர் யார் என்பதில்தான் சொல்லின் விதி அமைகிறது.

தமிழகத்து அலுவலகத் தமிழ் ‘கையூட்டு’ என்பதை ஏற்றுக்கொண்டது. தனித்தமிழ் இயக்கம் அதற்கு வாழ்வளித்தது. கேரளத்து அலுவலக மலையாளம் ‘கைக்கூலி’யில் நிலைத்தது. இவ்விரண்டுக்கும் நடுவே அலுவலகத்தில் இடம்பெறாத கைமடக்கு, எழுதப்பட வேண்டிய ஒவ்வொரு முறையும் ஏதேனும் ஒரு குற்றச்சொல்லாக மாற வேண்டியதாயிற்று. ஆங்கிலச் சட்டமொழியும் உதவவில்லை. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 161ஆம் பிரிவில் ஆண்ட ‘கிராட்டிஃபிகேஷன்’ என்னும் சொல் உள்ளக்களிப்பு என்னும் மூலப்பொருளது. நம்மவர் ‘சந்தோஷம்’ என்பதற்கு இதனினும் நேரான ஆங்கிலம் கிடையாது. அதன் உறவுச்சொல்லாகிய ‘கிராட்டுவிட்டி’ ஆங்கிலத்தில் டிப்ஸையும் ஓய்வுக்காலத் தொகையையும் ஒருங்கே குறிக்கும். தமிழில் ‘பணிக்கொடை’ எனப் பெயர்த்தபோது இரண்டாவது பொருள் மட்டுமே கொள்ளப்பட்டது. அதுவே முறை, எனினும் முதற்பொருளுக்கு இன்றுவரை ஆட்சித்தமிழில் இடமில்லை. 161ஆம் பிரிவு 1988ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டத்திற்கு மாற்றப்பட்டது. 2018இல் அச்சட்டம் திருத்தப்பட்டபோது பழைய சொல் விடுக்கப்பட்டு ‘முறையற்ற ஆதாயம்’ என்னும் கருத்து புகுந்தது. அதே திருத்தம் லஞ்சம் கொடுப்பதையும் நேரடிக் குற்றமாக்கி, கொடுத்தவரின் வாக்குமூலத்திற்கு முன்பு இருந்த பாதுகாப்பாகிய 24ஆம் பிரிவையும் நீக்கிவிட்டது. எனவே இன்று ஒரு சாட்சியின் வாயில் ‘கைக்கூலி கொடுத்தேன்’ என்னும் தொடரை வைப்பது, பெற்றவரை மட்டுமன்றிக் கூறியவரையும் குற்றவாளியாக்கக் கூடும்.

பேசுவோர் யார்?

இச்சொற்களை அகராதி முறையில் பொருள் பொருளாக அடுக்குவதனினும், யார் வாயிலிருந்து வருகின்றன என்பதை நோக்குதல் பயன் தரும் என்பதே இக்கட்டுரையின் கருத்து. ஈ, தா, கொடு ஆகிய மூன்றையும் இழிந்தோன், ஒப்போன், உயர்ந்தோன் கூற்றுகளாகத் தொல்காப்பிய எச்சவியல் பகுத்தது கேட்பவரின் நிலையைக் கொண்டே. கிளவியாக்கமோ தரவு தன்மை, முன்னிலைக்கும், கொடை படர்க்கைக்கும் உரியன எனக் கூறும். இரண்டாவது மரபை மலையாளம் இன்றும் காத்து வருகிறது. எல்லைப்புறத் தமிழிலும் ‘எனக்குத் தா’, ‘அவனுக்குக் கொடு’ என்பன பெரிதும் பிறழ்வதில்லை.

கைமடக்கு என்னும் சொல் வரும் தொடர்களை இவ்விலக்கணத்தோடு பொருத்திப் பார்த்தால் ஓர் ஒழுங்கு புலப்படும். ‘கைமடக்கு கொடுத்தேன்’, ‘ஏதாவது கைமடக்கு கொடுத்து விடு’ என்பன இயல்பானவை. ‘எனக்குக் கைமடக்கு தாருங்கள்’ என எவரும் கேட்பதில்லை. கேட்பவர் ‘சந்தோஷமா ஏதாவது’ என்பார். அல்லது சாயக்காசு என்பார். குடிப்பதற்கான காசு என்னும் இவ்வழக்கு உலகப் பொதுவானது: பிரெஞ்சு மொழியின் ‘பூர்புவார்’, ஜெர்மானிய மொழியின் ‘டிரிங்கெல்ட்’ இரண்டும் இப்பொருளனவே. இவற்றுக்கு அப்பால் நின்று பார்க்கும் மூன்றாமவர் கைக்கூலி என்றோ கிம்பளம் என்றோ கூறுவார். ஆக, சந்தோஷம் கேட்போர் சொல். கைமடக்கு கொடுப்போர் சொல். கைக்கூலி குற்றம் சாட்டுவோர் சொல். பணம் ஒன்றே ஆகலாம்.

கிம்பளத்தைப் பற்றி ஒரு சொல். மலையாளம், தமிழ் இரண்டிலும் ‘சம்பளம் கிம்பளம்’ என்பது எதிரொலிச்சொல் இணை. முதலசையை நீக்கிக் ‘கி’ சேர்க்கும் இவ்வமைப்பு திராவிட மொழிகளின் பொதுக்கூறு. எமனோ 1938இலேயே இதனைப் பற்றி எழுதினார். ‘புலி கிலி’ என்பதிலுள்ள கிலி தனித்து நிற்பதில்லை. அதற்குப் பொருளும் இல்லை. கிம்பளமோ இணையிலிருந்து பிரிந்து வந்து, சம்பளத்திற்குப் புறம்பாக வருவது என்னும் பொருளைத் தானே தாங்கி நிற்கிறது. பொருளற்ற எதிரொலி பொருட்சொல்லாக உயர்ந்தமைக்கு இதனினும் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. (சம்பளம் என்பது சம்பாவும் அளமும் சேர்ந்தது என்னும் விளக்கம் மேடைகளுக்கு உகந்தது, அங்கேயே இருக்கட்டும்.)

மூன்றாமவர் சொற்களுள் மொழிபெயர்ப்பாளர் பெரிதும் இடறுவது ‘மாசப்படி’. தமிழில் படி என்பது மாசற்ற சொல்: பயணப்படி, அகவிலைப்படி. மலையாளச் செய்திமொழியில் இன்று மாசப்படி என்பது மாதந்தோறும் கைமாறும் முறையற்ற பணம். ‘மாதப் படி’ எனத் தமிழில் பெயர்த்தால் குற்றச்சாட்டு முழுவதும் மறைந்து, சம்பளப் பட்டியலின் ஓர் இனமாகிவிடும். ‘மாதாந்திர மாமூல்’ என்பதே பொருந்தும். கைமடக்கு கைக்கூலியானதற்கு நேர்மாறான விபத்து இது. மற்றொரு சொல் ‘நோக்குகூலி’. சுமை இறக்கும் வேலையைச் செய்யாமல் பார்த்து நின்றமைக்காகக் கேட்கப்பட்ட கூலி. கேரள அரசு 2018 மே 1 முதல் அதனைத் தடை செய்தது. செய்யாத வேலைக்கும் கூலி என்னும் சொல்லையே சூட்டியது கேட்டவர்களின் தேர்வு; சந்தோஷம் என்று கூறியிருந்தால் அது இரத்தலாகியிருக்கும். கூலி என்றமையால் உரிமைக் கோரிக்கையாயிற்று. தமிழ் இதழ்கள் அச்சொல்லை மொழிபெயர்க்காமல் அப்படியே எடுத்துக்கொண்டது சரியான முடிவு.

மீண்டும் வாக்குமூலத்திற்கு வருவோம். ‘அளந்து முடிஞ்ச பெறவு’ என்பது காலத்தைக் காட்டுகிறது; வேலைக்கு முன்பு அன்று. ‘பிள்ளைக்கு’ என்பது திசையைக் காட்டுகிறது. ‘ஒரு கைமடக்கு’ என்பதிலுள்ள ‘ஒரு’ தொகையின் சிறுமையைக் காட்டுகிறது. ‘குடுத்தேன்’ என்னும் தன்மை வினை, அவர் மறைக்க வேண்டியது எதுவும் இல்லை எனக் கருதியே பேசினார் என்பதைக் காட்டுகிறது. தாமே குற்றம் எனக் கருதியதற்கு எவரும் தன்மை இடத்தில் குற்றச்சொல்லை ஆள்வதில்லை. இந்நான்கையும் எழுதி, கைமடக்கு என்பதை மலையாளத்தில் மாற்றாமல் அச்சொல்லாகவே வைத்து, ‘கூலிக்குப் புறமே சந்தோஷத்தினு கொடுத்த செறிய துக’ என அடுத்து விளக்கம் தருமாறு பரிந்துரைத்தேன். கைமடக்கு மலையாளத்திலும் உள்ள சொல்தானே, அதற்கு விளக்கம் எதற்கு என்று கேட்டனர். இரு மொழியிலும் இருப்பதனால்தான் விளக்கம் வேண்டியிருக்கிறது என்றேன். திருத்தம் பதிவில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அப்பெண்மணியிடம் செய்தியைத் தெரிவித்தபோது, இவ்வளவு எழுத்து எதற்கு என்று கேட்டார். அந்தப் பிள்ளைக்குத் தாம் கொடுத்தது இருபது ரூபாயும் ஒரு தேங்காயும் என்றார். தேங்காயைப் பற்றி அதுவரை எவரும் அவரிடம் கேட்டிருக்கவில்லை.